ஒன்பது வீட்டு மெஜாரிட்டி

கெங்கம்மா குளித்து ராயபுரத்தில் யாரும் பார்த்ததில்லை, நனைந்துதான் பார்த்திருக்கிறார்கள். துறைமுகத்தில் கரிக்கப்பல் நிற்கிற நாளெல்லாம் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை கரிக்கூடை சுமப்பாள். வருகிற வழியில் கடலில் இறங்கி ஏறுவாள். உப்புத்தண்ணீர் கரியைக் கழுவாது, கெட்டியாக ஒட்டவைத்துவிட்டுப் போகும். சந்துக்கு வந்து சேர்வதற்குள் உப்பு காய்ந்து, கரிமேல் வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கும்.

"சிலேட்டு மாரி கீறே. எத்தையாவது எழுதட்டா?" என்பான் புருஷன் சுப்பராயன்.

"எழுது. அப்பால அழிக்கறதுக்கு நீதான் தண்ணி கொண்டாரணும்."

கல்மண்டபம் சாலைக் குழாயில் நல்ல தண்ணீர் வரும். ஆனால் அங்கே கரிக்கூடைப் பெண்களுக்கு இடம் வரிசையின் வாலில். "கிட்ட வராதே, குழாய் கறுத்துப்பூடும்" என்பார்கள், குழாய் அதுவரை ரோஜா நிறத்தில் இருந்த மாதிரி. அவர்கள் முறை வருவதும் தண்ணீர் நிற்பதும் எப்போதும் ஒரே நேரம்தான். பன்னிரண்டு வயசில் தலைக்குக் கூடை ஏறியது, இப்போது நாற்பத்தாறு. இத்தனை வருஷத்தில் அவள் மனசாரக் குளித்தது இரண்டு தடவை. ஒன்று கல்யாணத்தன்று. இன்னொன்று எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு செங்குன்றம் பக்கம் ஓடியது. கெங்கம்மா ஓடவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், குழாயடியில் ஒரு நாய்கூட இல்லை. விரல் நுனி சுருங்குகிறவரை உட்கார்ந்து குளித்தாள். மூன்று நாள் அப்படிக் குளித்தாள். "அந்த ஜெர்மன்காரன் மவராசனா இருக்கணும்" என்று போலீஸ்காரர் காதில் விழும்படியே சொல்லுவாள்.

இருபத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம், கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற மூன்று தெருவுக்குமாக ஒரு குழாய் போட கார்ப்பரேஷனில் உத்தரவாயிற்று. ஒன்றே ஒன்று. மேஸ்திரி தெருவில் இருபத்தோரு வீடு. கடைத் தெருவில் பதினைந்து. கரிச்சந்தில் ஒன்பது. ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். மேஸ்திரி தெருவில் இறங்கி மோர் குடித்தார். கடைத் தெருவில் இறங்கிக் கருப்பட்டிக் காப்பி குடித்தார். கரிச்சந்தில் இறங்கவில்லை, பெடலில் ஒரு காலை வைத்தபடியே பேசினார். எங்கே போடுவது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வீடுகள் ஒரே இடத்துக்குக் கைநாட்டு வைத்த காகிதம் வேண்டும். தை மாதம் முடிகிறவரை தவணை. இல்லையென்றால் குழாய் தண்டையார்பேட்டைக்குப் போய்விடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று சட்டியை வரிசையாக வைத்து, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார்கள். நாற்பத்தைந்து கொட்டையும் விழுந்தன. எண்ணினால், இருபத்தொன்று, பதினைந்து, ஒன்பது. அவரவர் கொட்டை அவரவர் தெருவுக்கு. எண்ணாமலே சொல்லியிருக்கலாம்.

மேஸ்திரி தண்டபாணி மாலையை முன்னமே வாங்கி வைத்திருந்தார். துறைமுகத்துக்கு மூட்டை தூக்க ஆள் அனுப்புகிற லேபர் மேஸ்திரி அவர். தானே வாங்கிய மாலையைத் தன் மச்சானிடம் கொடுத்துத் தனக்கே போடவைத்துக்கொண்டார். அப்போதுதான் மளிகைக்கடை தங்கப்பாண்டி தொண்டையைச் செருமினார். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். பேப்பரை முழுக்க வாசித்த பிறகுதான் கிழித்து மிளகாய் மடிப்பார்.

"மேஸ்திரி, மாலையக் கொஞ்சம் கழத்தும். சரிபாதிக்கு மேல வேணும்லா? சீமையில நடந்த எலெக்‌ஷன்லயும் இந்த வாரம் இதே கூத்துதான். அறுநூத்திப் பதினஞ்சு சீட்டு. கன்சர்வேடிவ் கட்சிக்கு இருநூத்தி அம்பத்தெட்டு, லேபருக்கு நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு, லிபரலுக்கு நூத்தி அம்பத்தெட்டு. ஒருத்தனுக்கும் மெஜாரிட்டி இல்ல. முதல் ஆளு முழிச்சிக்கிட்டு இருக்கான்."

"அவன்தான் முன்னாலயே ஆண்டுகினு இருந்தவனாச்சே? திரும்ப எதுக்கு எலெக்‌ஷன் வெச்சான்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அவனுக்கு மெஜாரிட்டி இருந்துச்சு. அவனாத்தான் எலெக்‌ஷன் வச்சான். இருந்ததும் போச்சு."

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பால் சட்டி நெறைஞ்சிகீதான்னு கவுத்துப் பாத்தானாக்கும்!"

காகிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. மார்கழி போயிற்று. பொங்கலுக்கு இரண்டு தெருவும் ஒன்றையொன்று பார்க்காமல் பொங்கின. கெங்கம்மாவுக்கு வேறொன்றும் வேண்டாம். சந்துக்குள் ஒரு குழாய், வரிசை பார்க்காத ஒரு குளியல், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது கொட்டையை வைத்துக்கொண்டு ரசம்கூட வைக்க முடியாது.

தை பத்துத் தேதி வாக்கில் மேஸ்திரி தெரு முனையில் பட்டாசு வெடித்தது. கெங்கம்மா கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். மேஸ்திரி வாசலில் பானகம் ஓடிக்கொண்டிருந்தது. சுப்பராயன் மூன்றாவது டம்ளரில் இருந்தான்.

"இன்னா விசேஷம்?"

"சீமையில லேபர் ராஜ்யம் வந்துட்ச்சாம்மே. மேஸ்திரிக்குக் காலே தரையில இல்ல."

தண்டபாணி அவளையும் கூப்பிட்டார். "இன்னாமே கெங்கா, கேட்டியா? லேபர்னா யாரு? நாம்பதான்! லேபர் மேஸ்திரிங்க கவர்மெண்டு! இனிமே துறைமுகத்துல தொரை நமக்கு சலாம் வெப்பான்."

"மேஸ்திரிங்களா? மூட்டை தூக்கறவனுங்க இல்லியா?"

"தூக்கறவன் தூக்குவான். தூக்கச் சொல்றவன்தான் லேபர்."

"அப்ப கரிக்கூடக்காரிய எவளையாவது மந்திரியா வெச்சிகிறாங்களா?"

"உனக்குப் பானகம் வோணுமா வோணாவா?"

மறுநாள் கடையில் மிளகாய் வாங்கக் கெங்கம்மா போனபோது மேஸ்திரியும் அங்கே நின்றிருந்தார். நெற்றியில் நேற்றைய குங்குமம் இன்னும் இருந்தது. தங்கப்பாண்டி தராசைக் கீழே வைத்தார். அவர் முகம் பால் குடித்த பூனை முகமாக இருந்தது.

"லேபர் ஜெயிச்சதுக்கு வெடி போட்டியளாமே மேஸ்திரி?"

"போடாம? நம்ம ஆளுங்களாச்சே!"

"ரொம்பச் சந்தோஷம். லேபரு எத்தனையாவதா வந்தான்?"

மேஸ்திரி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"நாஞ் சொல்லுதேன். ரெண்டாவதா வந்தான். முதல் ஆளுக்கு மெஜாரிட்டி இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டு, ரெண்டாவது ஆளத் தூக்கி உக்கார வச்சிருக்கானுவ. அதுக்குத்தான் நீரு வெடி போட்டீரு. இங்க முதல் ஆளு நீரு, ரெண்டாவது நான். குழாய் எங்க வரணும்?"

"அது சீமை நியாயம்யா!"

"அந்த நியாயத்துக்குத்தான பானகம் ஊத்துனீரு?"

கெங்கம்மா மிளகாயை மறந்துவிட்டாள். "அண்ணாச்சி, ரெண்டாவது ஆளு எப்பிடி ஏறினான்? அவனுக்கும்தான் பாதி இல்லியே?"

"மூணாவது கட்சிக்காரன் கை தூக்கிட்டான்மா."

"அந்த மூணாவது ஆளுக்கு இன்னா குட்த்தாங்க?"

தங்கப்பாண்டி பேப்பரைப் புரட்டினார். மடித்துவைத்த பொட்டலம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்தார். மிளகு கொட்டிற்று. "ஒண்ணும் போடலியே. ஒரு மந்திரி வேலைகூட இல்ல."

"கை தூக்கினவன் தூக்கினபடியே நிக்கிறானா?"

"அப்படித்தான் தெரியுது."

கெங்கம்மா மிளகாய் வாங்காமலே வீடுவரை நடந்தாள். கருவாட்டை அடுப்பில் போட்டுத் தீய விட்டாள். சுப்பராயன் தட்டைப் பார்த்து, "இதுவும் கரியா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் கரிச்சந்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முப்பத்து நாலு வருஷமாக யாரும் கால் வைக்காத சந்து. முதலில் மேஸ்திரி வந்தார், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு. ஒன்பது கைநாட்டும் தன் தெருவுக்கு விழுந்தால், குழாயடியில் கரிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் முதல் இடம் என்றார்.

"மத்த ஆறு நாளு?"

"மத்த நாளு வழக்கம் போல."

"எனக்குக் கரி வாரத்துல ஒரு நாள்தான் ஒட்டுதா மேஸ்திரி?"

"ஏய், ரொம்பப் பேசாதே. துறைமுகத்துல எனக்கு ஆள் பழக்கம் கீது. நாளைக்கு உன் தலையில கூடை ஏறுதா இல்லியா பாத்துடலாம்."

"ஏறலன்னா உன் தெருவுல இருந்து நாலு பேர அனுப்பு நைனா. அந்தக் கூடைய இடுப்புவரைக்கும் தூக்கிட்டாங்கன்னா நானே வந்து உனக்கு இன்னொரு மாலை போடறேன்."

அடுத்து தங்கப்பாண்டி. அவர் சந்து முனையோடு நின்றுகொண்டார். தன் தெருவுக்குக் கைநாட்டு வைத்தால், அம்மன் கோயில் கூழுக்குக் கேழ்வரகு அவர் செலவாம்.

"கூழு ஆடி மாசம் அண்ணாச்சி. எனக்கு இன்னிக்கி சாயங்காலம் குளிக்கணும்" என்றாள் கெங்கம்மா. "நான் அந்த மூணாவது ஆளு இல்ல. கைய தூக்கிகினு நின்னா அக்குள்தான் வலிக்கும். எங்க ஒம்பதும் எங்க சந்துக்குத்தான். நீங்க ரெண்டு பேருல யாரு வந்து சேர்றீங்களோ சேருங்க. சேரலியா, குழாய் தண்டையார்பேட்டைக்குப் போவட்டும். நாங்க எப்பவும் போல கடலுல முழுகிக்கிறோம். உங்களுக்குத்தான் பேஜாரு."

"உங்க சந்துக்குள்ள எங்க வீட்டுப் பொம்பளையள் வந்து தண்ணி எடுக்கணுமோ?"

"தண்ணிதான எடுக்கச் சொல்றேன் அண்ணாச்சி? பொண்ணா எடுக்கச் சொன்னேன்?"

அவர் முகம் சிவக்கத் திரும்பிப் போனார். போனவர் வீட்டில் அன்று பருப்பு வேகவில்லை. அது என்றைக்குமே வேகாது. கடைத் தெருக் கிணறு முழுக்க உப்பு; அவருடைய துவரம்பருப்பைக் குற்றம் சொல்லி மூன்று வாடிக்கை போய்விட்டது. பருப்பின்மேல் பழி, தண்ணீருக்கு விடுதலை. அவர் பெண்டாட்டி தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்தே கேட்டாளாம், "என்ன முடிவு?" என்று. அவர் சொன்னார். அவள் கரண்டியைப் போட்டாள்.

"மேஸ்திரி தெருவுக்குப் போனா அவரு பொண்டாட்டி என்னைய மதியம் வரைக்கும் நிக்க வைப்பா. இவ சந்து நம்ம பின்வாசல்ல இருந்து பன்னெண்டு எட்டு. நேத்தே எண்ணிப் பாத்துட்டேன்."

"கௌரவம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்கட்டும். அதப் போட்டு வேக வச்சுத் தின்னுங்க."

மறுநாள் அவள் குடத்தோடு வந்து கரிச்சந்தில் நின்றாள். குழாய் இன்னும் வரவில்லை. சும்மா நின்று பார்த்தாள், துணிக்கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி. கெங்கம்மா மணையைத் தட்டிப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை. ஆனால் "யக்கா, குழாய் மேடை எந்தப் பக்கம் கட்டுவாக?" என்று கேட்டாள்.

கைநாட்டுக் காகிதத்தில் கரிச்சந்துக்குப் பதினைந்தும் ஒன்பதும் இருபத்து நாலு விழுந்தன. ஓவர்சியர் மைப்பெட்டியை நீட்டினார். கெங்கம்மாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரலை அப்படியே அழுத்தினாள். தகவல் தெரிந்து மேஸ்திரி ஓடிவந்து, வாரத்துக்கு மூன்று நாள் முதல் இடம் என்றார். நாலு நாள் என்றார். ஓவர்சியர் காகிதத்தை மடித்துவிட்டார்.

"கடைசியா வந்தவளுக்கு எப்பிடிக் குழாய் போவும்? இது எந்தச் சீமையில கீது?" என்று மேஸ்திரி கத்தினார்.

"எங்கியும் இல்லதான். அவுங்க வோணும்னா நம்மளப் பாத்துக் கத்துக்கட்டும்" என்றாள் கெங்கம்மா.

மாசியில் குழாய் வந்தது. முதல் தண்ணீர் காவி நிறத்தில் வந்தது, அதில் ஒரு புழுவும் இருந்தது. அதற்குப் பிறகு தெளிந்தது. கரிச்சந்தில் ஒரே சட்டம்தான்: சாயங்காலம் கரியோடு வருகிறவளுக்கு முதல் இடம். தங்கபுஷ்பம்கூடக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நாள்பட நாள்பட, ராயபுரத்துக்குக் கெங்கம்மாவின் நிஜ நிறம் தெரியவந்தது. மாநிறம். சுப்பராயனே இரண்டு நாள் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

அந்த வருஷமே ஐப்பசியில் சீமையில் மறுபடி எலெக்‌ஷன். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் மேஸ்திரி தண்டபாணி குடையோடு சந்து முனைக்கு வந்தார். கெங்கம்மா புடவையோடு குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மரியாதையாக முதுகைக் காட்டி நின்றுகொண்டு எதிர்ச் சுவரிடம் பேசினார்.

"கெங்கா, சேதி தெரியுமா? லேபர் பூட்டான். முதல் கட்சிக்காரனுக்கே இந்தத் தபா மெஜாரிட்டி, நானூறு சீட்டுக்கு மேலயாம். பழைய நியாயம் அங்கியே செல்லல. குழாய எங்க தெருவுக்கு மாத்தச் சொல்லி மனு எழுதப் போறேன்."

"எழுது."

"மெஜாரிட்டிமே! நெசமான மெஜாரிட்டி வந்துட்ச்சு!"

"வந்துட்ச்சா?" கெங்கம்மா குனிந்து தலையை நேராகத் தண்ணீருக்குக் கீழே கொடுத்தாள். "முதுகு தேய்க்க ஆளில்லாம உக்காந்துகினு கீறேன். அந்த மெஜாரிட்டிய இங்க அனுப்பு."