படிக்காமல் கொடுத்த நட்சத்திரம்

மெஹருன்னிசா காலமான செய்தி காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மும்பை செம்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் முறை படிப்பதற்குள் அடுத்த செய்தி: "அவர் நினைவாக, அவருடைய பள்ளிக் கட்டுரைக்குச் சிறப்புத் தகுதி வழங்கிவிட்டோம்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டுதான் வந்தது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் நாங்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். கட்டுரைகளைப் படித்து தொடக்கநிலை, நல்லது, சிறப்பு என்று தரம் போடுவோம். சிறப்புக்கு ஒரு நட்சத்திரம் உண்டு. போட்ட தரம் சரிதானா என்று உரையாடல் பக்கத்தில் யாரும் கருத்துச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்பது மெஹருன்னிசாவின் கட்சி.

அவர் வீட்டார் தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்துகிறார்கள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. அவருடைய கட்டுரை ஒன்றுக்கு 'நல்லது' என்று போட்டிருந்தேன். அன்றே போன் வந்தது.

"ஏன் அண்ணாச்சி நல்லதுன்னு போட்டிய?"

"நல்லா இருந்துச்சும்மா, அதான்."

"இது என்ன பிரியாணியா, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறதுக்கு? எந்தப் பத்தி உருப்படி, எது சொத்தைன்னு எழுதுங்க. இல்லன்னா தரத்த எடுத்துருங்க."

ஆபீசில் மேனேஜரிடம்கூட நான் அப்படிப் பேச்சு வாங்கியதில்லை. உட்கார்ந்து எழுதினேன்.

மாட்டுங்காவில் ஒரு காபி ஓட்டலில் நாங்கள் கூடியபோது, "விடுங்க மேடம், சும்மா செய்யற வேலைதானே" என்றார் ஒருவர். மெஹருன்னிசா தம்ளரை டக்கென்று வைத்தார். "சும்மா போடுத சோறுன்னா கல்லோட போடுவியளா?" பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தணிக்கவே இல்லை.

மும்பையின் தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றிய கட்டுரைதான் அவர் உயிர். அப்படி ஒரு பள்ளியில் படித்தவர். ஆனாலும் அதற்குத் 'தொடக்கநிலை' என்று தன் கையாலேயே போட்டுக்கொண்டார். உடம்பு முடியாமல் போன பிறகு உரையாடல் பக்கத்தில் கேட்டார்: "காட்கோபர் பகுதியில் பிழை உண்டா? முலுண்ட் பள்ளியை யாராவது நேரில் பார்த்துச் சொல்ல முடியுமா?" வந்த பதில்கள்: "அருமை அக்கா", "வாழ்த்துகள்", ஒரு ரோஜாப்பூ.

"ரோசாப்பூவ வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி?" என்றார் போனில். நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன். "பொறுங்க, நானும் வாரேன். ஸ்டேஷன் படி ஏறுததுக்குக் காலு வரட்டும்." கால் வரவில்லை.

அந்தக் கட்டுரைக்குத்தான் இப்போது நட்சத்திரம். ரயிலிலேயே திறந்து கடைசிவரை படித்தேன். முலுண்ட் பகுதி இப்படி முடிகிறது: "அந்தப் பள்ளியின் தமிழ் வகுப்பு". அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அதுவரைக்கும்தான் தட்டியிருக்கிறார். நட்சத்திரம் ஒட்டிய புண்ணியவான்களில் ஒருவர்கூடக் கீழே வரை வரவில்லை!

நட்சத்திரத்தை எடுத்தேன். காரணங்களைப் பத்தி வாரியாக எழுதினேன். அடக்கம் முடிந்த மறுநாள், குழுவை ஒருங்கிணைக்கும் சங்கரன் அழைத்தார்.

"என்ன சார், மண்ணுகூடக் காயல. போனவா கையிலேர்ந்து பிடுங்கறேளே, மனசாட்சி வேண்டாமா?"

"நீங்க படிச்சீங்களா சங்கரன்? கடைசி வரி என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

"அது வந்து... மொபைல்ல பார்த்தேன்..."

வைத்துவிட்டேன்.

நண்பர்களே, எனக்கு ஈவிரக்கம் இல்லை என்று குழுவில் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். உயிரோடு இருந்தபோது அவர் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு கருத்து. அதற்கு நேரமில்லை; மாலை போட மட்டும் நேரம் இருக்கிறதா? மெஹருன்னிசாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. காரணம் சொல்லாமல் யாரையும் பாராட்டக்கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தை.

சனிக்கிழமை முலுண்டுக்குப் போகிறேன். அவருக்கு அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் கூட வாருங்கள். பூ வேண்டாம். வாக்கியம் பாதியில் நிற்கிறது.