ஊருணியில் கலந்தது

மழை பெய்து குடிதண்ணீர் ஊருணி நிறைந்த வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் வயிற்றுப்போக்கு. பழி உடனே கிடைக்காரர் மேல் விழுந்தது. பாலவனத்தம் பக்கம் எங்கள் ஊர்ப் புன்செய்க் காடுகளில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட வருடந்தோறும் வருகிறவர். "ஆட்டுப் புழுக்கதான் தண்ணியில கலந்திருக்கு, இவனப் பத்தி விடுங்கப்பா" என்றார்கள். அதில் பெரிய குரல் என் மாமனாருடையது.

நான் தினமும் மதுரைக்குப் போய்வந்து ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. "சோதிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் பொறுங்க" என்றேன். ஊருணியிலும், அதற்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுகவும் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினேன். ஆட்டுக் குடலில் வாழும் கிருமி வேறு, மனிதக் குடலில் வாழ்வது வேறு. அவற்றின் மரபணுவைப் பார்த்தால் கழிவு யாருடையது என்று தெரிந்துவிடும்.

ஆட்டினுடையது இல்லை. மனிதனுடையது இருந்தது. வரத்துக்காலில் எங்கள் வீட்டுக்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கம் எடுத்ததில் அதுவும் இல்லை. வீட்டைத் தாண்டியதும் இருந்தது.

கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு வாழ வரமாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்னால் அடம்பிடித்தவள் நான்தான். மாமனார் அவசர அவசரமாகக் கட்டினார். தொட்டி நிறைந்தால் வழிவதற்கு ஒரு குழாயை வரத்துக்காலில் விட்டார். எங்கள் ஊரில் வரத்துக்கால் என்றால் வருடம் முழுக்கப் புழுதிதான். அதில் தண்ணீர் ஓடும் என்று அவர் நினைக்கவில்லை. தினமும் குழாயைப் பார்த்த நானும் நினைக்கவில்லை. இத்தனை படித்து என்ன?

ஊர் கூடியதும் "மனுசக் கழிவு" என்று மட்டும் சொன்னேன். வீட்டைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மாமனார் துள்ளி எழுந்தார். "வெளிய ஒதுங்குறது யாரு? இவன்தான!"

கிடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என் சோதனை ஆட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக் கொடுத்திருந்தது.

"அவுக இல்ல மாமா. நம்ம கக்கூஸ் குழாய்தான்."

மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒனக்காகத்தான ஆத்தா கட்டுனேன்" என்றார் மெதுவாக. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

கிடை இருக்கட்டும் என்று ஊர் சொல்லிப் பார்த்தது. கிடைக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மகள அருப்புக்கோட்டை ஆசுபத்திரியில போட்டுருக்கேன். அதுக்கும் வயித்தாலதான் போகுது."

அவர்களும் அந்த ஊருணித் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவர்கள் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று எங்களில் ஒருவரும், சோதனை செய்த நானும், அதுவரை கேட்கவே இல்லை.