எந்த மெமரி பழுது

என் மனைவி வேப்பம்பட்டில் எங்கள் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைக்கிறாள். புதுக் கணினி வாங்கிய சில வாரங்களிலேயே, வேலை நடுவில் திரை நீலமாகி நின்றுபோக ஆரம்பித்தது. வைரஸாக இருக்கும் என்றார் கடைக்காரர். அவளுக்கு உள்ளே செருகியிருக்கும் மெமரி (ரேம்) மேல்தான் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் திறக்கப் போனபோது தடுத்தேன்.

"தொறக்காத, வாரண்டி பூடும்."

"கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுக்கினேன். மெமரிய மட்டும் கழட்டிப் பாக்கலாமாம். நீ டார்ச்சப் புடி."

உள்ளே இரண்டு மெமரிகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் வைத்து, மெமரியைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். சாம்பார் கொதித்து இறங்கிய பிறகும் ஒரு பிழைகூட வரவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு, கழற்றி வைத்ததை அதே இடத்தில் பொருத்தினாள். சற்று நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், அத்தனையும் பிழை.

"பாத்தியா! நா இன்னா சொன்னேன்?" என்று கைதட்டிச் சிரித்தாள். கணினி கெட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

அந்தத் திரையைப் படமெடுத்துத் திருவள்ளூர் கடையில் காட்டினோம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தர ஏற்பாடு செய்தார். புதியது வந்ததும் அவளே மாட்டினாள். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து நான் வீடு திரும்பியபோது, பாதியில் நின்ற பத்திரிகை அச்சுக்கே போயிருந்தது.