செருப்புப் போட்ட பொம்மைகள்

நேற்று சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் கயல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். கட்டடங்களைச் சுற்றி மண்ணும் மரமும் தண்ணீரும் எப்படி அமைய வேண்டும் என்று வரைகிற படிப்பு படிக்கிறாள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று சொல்ல வேண்டுமாம். நான் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

"அப்பா, மூணு சாஃப்ட்வேர் இருக்கு. எதை வாங்கலாம்னு சொல்லுங்க."

ஒன்றைத் திறந்து காட்டினாள். வெறும் தரை. ஒரு தட்டு தட்டினாள், மரம் முளைத்தது. இன்னொரு தட்டு, பெஞ்சு வந்தது. மூன்றாவது தட்டில் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரன் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ, "மூடு அதை!" என்று கத்திவிட்டேன்.

"ஏம்ப்பா, பொம்மையப் பாத்தா கத்துறீங்க?" என்றாள். அவள் தம்பி செல்வம் கூடத்திலிருந்து, "அக்கா, அப்பாவுக்குச் சார்ஜ் எறங்கிருச்சு, விடு" என்றான்.

நான் கத்தியது கயலைப் பார்த்து இல்லை. யாரைப் பார்த்து என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், பிள்ளைகளே. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்தவன், அவ்வளவுதான். அதனால் அங்கிட்டும் இங்கிட்டும் போவேன். கூடவே வாருங்கள்.

மடிக்கணினி சூடேறினால் ஒரு வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? அந்த வாடை என்னைப் புதுக்கோட்டையில் ஒரு உரக்கடை மாடிக்குக் கொண்டுபோய்விடும். அங்கேதான் என் முதல் வேலை. கீழே யூரியாவும் பூச்சிமருந்தும், மேலே அம்மோனியா பிரிண்ட். படத்தை நகல் எடுக்கிற முறை அது. எடுத்து முடிப்பதற்குள் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடம் பார்ப்பார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும்.

அந்த ஆபீஸ் ஸ்டெல்லா மேடத்துடையது. என்னைவிட வயதில் சின்னவர். கயல் படிக்கிற இதே படிப்பைச் சென்னையில் படித்துவிட்டு, அங்கேயே இருக்காமல் ஊருக்குத் திரும்பி வந்து பெயர்ப்பலகை மாட்டியவர். பலகையைப் பார்த்துவிட்டு மாடியேறி வருகிறவர்கள், "ரோசாச் செடி இருக்குங்களா?" என்று கேட்பார்கள். மேடம் முகம் சுளிக்காமல், "இல்லைங்க, நாங்க செடி எங்கிட்டு நிக்கணும்னு மட்டும் சொல்லுவோம்" என்பார். "அதுக்கு ஒரு ஆபீசா?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

எங்கிட்டு நிக்கணும் என்று மேடம் எப்படிக் கண்டுபிடிப்பார் தெரியுமா? உச்சிவெயிலில் இடத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். பொறுக்க முடியாமல் சுட்ட இடத்தில் குச்சி நடுவார். அங்கே மரம். ஆடுகள் படுத்திருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுவார். "ஆடு நம்மளுக்கு முன்னாடியே டிசைன் பண்ணிருச்சு முருகேசு, அதுக்கு ஃபீஸ் குடுக்க முடியாது" என்று சிரிப்பார். பின்னாலேயே நான் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு அளவு நாடாவைப் பிடிப்பேன். என்னைப் பார்த்து ஆடுகளே எழுந்து நிற்கும்.

ஆபீசில் இரண்டு சாஃப்ட்வேர் இருந்தன. ஒன்று பழையது, கோடு மட்டும்தான் போடும். புதிய படம் ஆரம்பித்ததும், தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கேட்கும். அதைச் சொல்லாமல் ஓர் அடி நகராது. இன்னொன்று புதிதாக வந்தது. அது தரையைப் பற்றி ஒன்றுமே கேட்காது. வானம் நீலமா, ஆரஞ்சா என்று கேட்கும். நான் புதியதில் மயங்கிக் கிடந்தேன். கோட்டுப் படத்தில் நான் வரைந்த மரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி இருக்கும். இதிலோ இலை ஆடியது! மேடம்தான், "இது எதைக் கேக்கலையோ அதை நம்மளும் மறந்துருவோம் முருகேசு. அதான் பயமா இருக்கு" என்பார்.

அந்தப் பயம் பலித்த கதைக்கு வருகிறேன்.

திருமயத்துக்குத் தெற்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஊருணி, ஊரே குடிக்கிற குளம். கரையில் ஒரு கல் நட்டிருக்கும். அதைத் தாண்டிச் செருப்பு போகாது. குளிப்பது, துவைப்பது கிடையாது. காலைக்கூட நனைக்கக் கூடாது. படியில் நின்றபடியே குடத்தைச் சாய்த்து மொள்ள வேண்டும். போலீஸ்காரர் வந்தாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். நாய் எட்டிப் பார்த்தால் நாலு வீட்டிலிருந்து கல் பறக்கும். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். தேத்தாங்கொட்டையைக் குடத்துக்குள் உரசிவிட்டால் தெளிந்துவிடும். நான் குடித்திருக்கிறேன். அளவெடுக்கப் போன முதல் நாளே ஒரு அம்மா, "ஏய் டேப்புக்காரரே, கால்ல என்ன?" என்று அதட்டியதில் பதறிச் செருப்பை வேலிப்பக்கம் வீசினேன். ஒற்றைச் செருப்பை நாய் தூக்கிப் போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கரை சரிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து, அதைச் சரிசெய்து அழகாக்க வேண்டும் என்றார்கள். கமிட்டித் தலைவர் நாகப்பன், துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மேடம் பழைய சாஃப்ட்வேரில் வரைந்தார். கரைக்குப் புல், சுற்றி நடக்க மண்பாதை, பாதையில் நிழல் விழ நீர்மருது. நாகப்பன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னங்க மேடம், கோடு கோடா இருக்கு, ஈசிஜி மாதிரி?" என்றார். திருச்சியிலிருந்து வேறொரு ஆபீசையும் வரவழைத்துவிட்டார்.

பொதுக்கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டித் தொங்கவிட்டு, திருச்சிக்காரர் படத்தை சினிமா மாதிரி ஓட்டினார். நீச்சல்குளம் போல நீலத் தண்ணீர். கரையைச் சுற்றிச் சிவப்பு பேவர் பிளாக் கல்லில் வாக்கிங் டிராக். அதில் பூட்ஸ் போட்ட ஆட்கள் கைவீசி நடந்தார்கள். ஒருத்தி நாயோடு போனாள். எனக்கே வாய் பிளந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து முதல் குரல் வந்தது. "ஆத்தாடி! செருப்போட கரையில போறாளே!"

"நாயி வேற கூட்டிக்கிட்டு. யாரு வீட்டு மருமக?"

"நாகப்பன் துபாய்லேருந்து கூட்டியாந்தது போல."

கூடமே சிரித்தது. நாகப்பன் கடுப்பாகி, "அது பொம்மை ஆத்தா! பொம்மைக்குப் போய் ரூல்ஸ் பேசுறீங்க" என்றார். திருச்சிக்காரர் நாயை அழித்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். அது முடியாதாம், ஆளோடு சேர்ந்தே வருமாம். அதனால் ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராக அழித்தார். கடைசியில் ஆளே இல்லாத கரை துடைத்துவைத்த மாதிரி நின்றது.

"இப்ப சரியா?" என்றார் நாகப்பன். சரி என்றார்கள். அந்தச் "சரி"யை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேடம் எழுந்தார். "ஆள எடுத்துட்டீங்க, பேவர் கல்ல எடுக்கலையே. சித்திரை மத்தியானம் அந்தக் கல்லுல வெறுங்காலோட, குடத்தத் தூக்கிக்கிட்டு யாருங்க நடப்பா? சுட்டா செருப்பு போடுவாங்க. கரைக்குச் செருப்பு வந்தப்பறம் இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?"

"மேடம், பொம்பளைங்க மெதுவா பழகிக்குவாங்க," என்றார் நாகப்பன். அந்தப் பெண்களை அவர் கேட்கக்கூட இல்லை. "ஒங்களுக்கு வேல போற ஆத்திரம்."

மேடம் தன் படத்தைச் சுருட்டிக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், "அந்தப் படத்துல வெயிலே இல்ல, பாத்தீங்களா முருகேசு?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. பிறகு யோசித்தால், ஆமாம், எல்லாம் பளிச்சென்று இருந்தது, ஆனால் எதுவும் சுடவில்லை.

பேவர் பிளாக் பதித்தார்கள். முதல் கோடையிலேயே பெண்கள் பொறுக்க மாட்டாமல் செருப்போடு வந்தார்கள், படி வரைக்கும். யாரைக் குற்றம் சொல்வது? குடத்தோடு நெருப்பில் நடக்கச் சொல்வீர்களா? எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு செருப்பு வந்ததும் இன்னொன்று வந்தது. அப்புறம் சைக்கிள், பைக், சிப்ஸ் பாக்கெட். நாய்க்கும் தைரியம் வந்துவிட்டது. "என்ன கண்றாவி மிதந்ததோ" என்று ஒரு வீடு மொள்ளுவதை நிறுத்தியது. அப்புறம் தெருவே நிறுத்தியது. தண்ணீர் கெட்டதா என்று யாரும் சோதிக்கக்கூட இல்லை. நம்பிக்கைதான் முதலில் கெட்டது. ஒரு தாகம் தீர்க்கிற பொருளை, ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாகச் செருப்பைக் கழற்றிவைத்துக் காப்பாற்றிய பொருளை, ஒரு சாயங்காலத்தில் வேட்டித்திரையில் பார்த்து முடித்துவிட்டார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஆறவும் வேண்டாம்.

உரக்கடை மாடி இப்போது மூட்டை அடுக்கும் கிடங்கு. மேடம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். ஆகவே கயலு, எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டாயே, அது முதலில் உன்னிடம் என்ன கேட்கிறது என்று பார். தரையைக் கேட்டால் வாங்கு. வானத்தின் நிறத்தை மட்டும் கேட்டால், மற்றதையெல்லாம் நீதான் போய்க் கேட்டுவர வேண்டும்.

போன மாதம் ஒரு துக்கத்துக்காகப் பொன்னமராவதி போய்த் திரும்பும்போது அந்த ஊரில் இறங்கினேன். நல்ல வெயில், தொண்டை வறண்டது. ஸ்கூட்டரில் தண்ணீர் கேன் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண், நான் நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திப் பாட்டிலை நீட்டினாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம்.

குடித்துவிட்டு, "முந்தி இந்த ஊருணித் தண்ணியத்தாம்மா எல்லாரும் குடிச்சோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், ஊருணியைப் பார்த்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"போங்கண்ணே! இதையா குடிப்பாக? இது சும்மா பாக்கத்தானே!"