பனியனுக்கு நான் சொன்ன பொருள்

அந்த ஆயுத பூஜையன்று தையல் மெஷின்கள் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. எங்கள் பனியன் கம்பெனியில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சத்தம் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க முதலாளி என்னிடம் மைக்கைக் கொடுப்பார். நான் மேனேஜர், தமிழில் எம்.ஏ. வருடம் முழுக்க எங்கும் காட்ட முடியாத அந்த எம்.ஏ.வை அன்று முக்கால் மணி நேரம் காட்டுவேன். பொரிப் பொட்டலம் கைக்கு வரும்வரை ஜனங்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம், பனியன் தூய தமிழ்ச் சொல் என்று முழங்கினேன். பனியைத் தடுப்பதால் பனியன். எங்கும் படித்ததில்லை, பேசப் பேச வந்தது. திருப்பூர் வெயிலில் எந்தப் பனியை யார் தடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

கட்டிங் மாஸ்டர் மட்டும் எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இளம் வயதில் பம்பாயில் ஒரு குஜராத்திக்காரரின் பட்டறையில் துணி வெட்டியவர். "தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். குஜராத்தியில வியாபாரிய 'வாணியா'ன்னு சொல்லுவாவ. அவுக போட்ட சட்டைக்குத்தான் அந்தப் பேரு வந்துச்சுன்னு எங்க பழைய மொதலாளி சொல்லுவாரு" என்றார்.

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். "மாஸ்டர் எப்பங்க சேட்டு ஆனீங்க?" என்று மைக்கிலேயே கேட்டேன். ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. பொரி தீர்வதற்குள் அவர் சேட்டு ஆகிவிட்டார்.

அன்று பிற்பகல் வீட்டில் அகராதிகளைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான். வடமொழியில் வணிகனைக் குறித்த சொல் குஜராத்தியில் வாணியா ஆகி, அரபுக்காரர் வாயிலும் போர்ச்சுக்கீசியர் வாயிலும் புரண்டு, ஆங்கிலேயரிடம் முதலில் ஆளையும் பிறகு ஆள் போட்ட சட்டையையும் குறித்திருக்கிறது. அந்த வியாபாரிகள் நிழலுக்கு ஒதுங்கிய ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். இப்படி ஊரெல்லாம் சுற்றிவிட்டு திருப்பூரில் வந்து இறங்கியிருக்கிறது. நம் வணிகன்கூட அதற்குப் பங்காளி முறைதான். அகராதியை மூடி மேல்தட்டில் வைத்தேன். மறுநாள் கம்பெனியில் மூச்சு விடவில்லை.

பதினான்கு வருடம் அந்தப் பெயர் நிலைத்தது. புதிதாக வந்த பீகார் தொழிலாளர்கள் "சேட்ஜி" என்று கும்பிட்டு அவரிடமே லீவு கேட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் என் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பிறகு அவர் மகளுக்கு வரன் அமைந்தது. தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா, வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க வந்திருக்கிறார். கம்பெனி வாசலில் மாஸ்டரின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு வாட்ச்மேன், "அப்படி ஒருத்தரும் இல்லீங்க. கட்டிங்ல சேட்டுதானுங்க இருக்காரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதிர் பேக்கரியிலும் அதே பதில். இல்லாத வேலையைச் சொல்லிச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அன்று மாலையே வேண்டாம் என்று போன் செய்துவிட்டார்.

மாஸ்டர் என் அறைக்கு வந்து நின்றார். "எம் பேரு இதுதான்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும் சார்."

மறுநாளே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். பெரியப்பா கண்ணாடி போட்டு வரி வரியாகப் பார்த்தார். "செரிங்க, பின்ன ஏனுங்க எல்லாரும் சேட்டுங்கறாங்க?" என்றார். பனி முதல் அகராதி வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அகராதி பார்த்த விஷயத்தை மாஸ்டரும் அப்போதுதான் கேட்டார்.

பெரியப்பா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாப்பு."

"அதானுங்க உண்மையச் சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். சம்பந்தம் பிழைத்தது.

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு எதுக்கு சார்? ஆனா மைக்குல சொன்னத மைக்குலதான திருப்பி எடுக்கணும்" என்றார்.

நான் ஓய்வுபெறும்வரை இன்னும் மூன்று ஆயுத பூஜைகள் வந்தன. மூன்றிலும் மைக் என் கைக்கு வந்தது. முதல் வருடம் தொண்டை சரியில்லை. இரண்டாம் வருடம் முதலாளியின் சம்பந்தி வந்திருந்தார். மூன்றாம் வருடம் ஒரு காரணமும் இல்லை. உழைப்பின் உயர்வைப் பற்றிப் பேசினேன். மாஸ்டர் முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

இப்போது எனக்கு மைக் தருவார் யாருமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்: அவர் சொன்னதுதான் சரி. அது எனக்கு அன்று பிற்பகலே தெரியும்.