எட்டும் ஏழும் பதினைந்து

சிங்கப்பூரிலிருந்து மதராசுக்கு ஆயிரத்து எண்ணூறு மைல். விமானத்தில் ஏழு மணி நேரம். அங்கிருந்து பெங்களூருக்கு ஒன்றரை மணி. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இதை என்னைவிட வேகமாக ஒப்பிக்க ஆள் கிடையாது. விமான டிக்கெட் விற்கும் ஆபீசில், பெட்டிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் கிளார்க் நான். விமானத்தில் கால் வைத்ததில்லை. வைத்தவனைப் போலப் பேசுவேன். என் பேச்சைக் கேட்டுத்தான் ஏரோப்ளேனே மேலே எழும்புகிறது என்பார் அண்ணி.

அண்ணி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் நான் வழக்கம்போல் ஒப்பிக்க, அண்ணி சொன்னார்: "ஏழே மணி நேரமா தம்பி? உங்க அண்ணனுக்கு அஞ்சு வருசமாவுதே!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்கிற விஷயம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் காமாலை அண்ணியைக் கொண்டுபோயிற்று. அண்ணனுக்குத் தந்தி கொடுத்தோம். மாலையே பதில் வந்தது: ஞாயிறு காலை எட்டு மணி விமானத்தில் ஏறுகிறேன், முகம் பார்க்க வேண்டும், காத்திருங்கள். சிவாஜிநகரிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி வந்து அடுக்கினோம். அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஞாயிறு காலையில் பங்குச் சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, எப்ப வருவான்?"

மனக்கணக்காகவே போட்டேன். எட்டும் ஏழும் பதினைந்து. மதராசில் பிற்பகல் மூன்று. பெங்களூர் விமானமோ இரண்டரைக்கே கிளம்பிவிடும்.

"சான்ஸே இல்ல பெரியப்பா. ராத்திரி ரயில்தான். நாளைக்குக் காலையிலதான் வருவாரு."

"எதுக்கும் உங்க மேனேஜரக் கேட்டுக்கினு வாயேன்."

"அவருக்கே நான்தான் சொல்லணும்!"

மேனேஜர் வீடு பத்து நிமிட நடை. ஐஸ் உருகிக் கூடமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு ராத்திரி தாங்காது என்றார்கள் பெண்கள். மூன்றரைக்கு எடுத்தோம், நாலரைக்கு மண் போட்டு முடித்தோம்.

கிளம்பும்போது கல்லறை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அண்ணன் ஓடிவந்தார். புது மண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஒரு மணிக்கே மெட்ராஸ்ல எறங்கிட்டேனே... நான் வரமாட்டேன்னு யாரு சொன்னது?"

அங்கே எட்டு என்றால் இங்கே ஆறு. மேனேஜர் மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சூரியன் உலகம் முழுக்க உதிக்கிறது என்று நம்பியிருந்த மேதை நான். அன்று கல்லறை வாசலில் நான் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பெரியப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான்தாம்பா அவசரப்பட்டுட்டேன்."

அண்ணன் செவ்வாய்க்கிழமை திரும்பிப் போனார். அதற்கப்புறம் தகப்பனுக்கு ஒரு வரி எழுதவில்லை. பெரியப்பாவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இப்போது என் பேரன் அதே தூரத்தை நாலு மணி நேரத்தில் பறந்து வந்துவிடுகிறான். தாத்தா பெரிய விமானக் கம்பெனி ஆள் என்று சிநேகிதர்களிடம் பீற்றிக்கொள்கிறான். நானும் மறுப்பதில்லை.

அண்ணி போய் ஆறு வருடம் கழித்துப் பெரியப்பா இறந்தபோது சிங்கப்பூருக்குத் தந்தி எழுதியவன் நான்தான். தப்புக் கணக்கு என்னுடையது என்று நாலு சொல் சேர்த்திருக்கலாம். அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் எழுதினேன், அவர்கள் ஊர் நேரப்படி, மிகச் சரியாக.

அண்ணன் வரவில்லை.