டைல்ஸுக்குக் கீழே ஒரு பலகை

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, மரக்காணம் வீட்டின் மாடியறையில் உப்பிப்போன டைல்ஸை நானே பெயர்த்தேன். கொத்தனாரை விட்டால் அடியிலிருக்கும் மரத்தளத்தைக் குத்திக் கெடுத்துவிடுவார். வெந்நீர் ஊற்றி, இறுகிய பசையைச் சுரண்டினேன். பலகை நனைந்ததும் அந்த வாசனை எழுந்தது. அப்பாவின் ஈரக்கால் பட்டால் எழும் அதே வாசனை.

உப்பளத்துக்கு விடியுமுன் போகிற அப்பா, வெயில் ஏறியதும் திரும்புவார். உப்புநீரில் வெடித்த கால்களைக் கழுவிக்கொண்டு, வேட்டி மாற்ற மாடிக்கு ஏறுவார். அறை வாசலை ஒட்டிய பலகை அவர் மிதித்ததும் கிரீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கீழே அம்மா தட்டில் சோறு போடுவாள். நாங்கள் பசியில் எவ்வளவு கத்தினாலும் அதற்கு முன் கரண்டியைத் தொடமாட்டாள்.

அப்பா இறந்த மாதமே டைல்ஸ் ஒட்டச் சொல்லிவிட்டாள்.

"பலகையெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு" என்றாள்.

இப்போது தட்டித் தட்டிப் பார்த்தேன். கரையான் அரித்த தடமே இல்லை. எழுந்து வாசல் பக்கம் கால் வைத்தேன். பலகை கிரீச்சிட்டது.

கீழே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு மேல?"

"நான்தாம்மா."

அம்மா மாடிப்படியடிக்கு வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இன்னொரு வாட்டி மிதிம்மா."